மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது

1

போன வாரம் என் மகள் பூரணம் எனக்கு ஓர் உபகாரம் செய்தாள். வெயில் இப்படிக் கொளுத்துகிறதே என்று என் மாத்திரைப் புட்டியை எடுத்து ஐஸ் பெட்டிக்குள், மீனுக்கும் வெண்ணெய்க்கும் நடுவில், வைத்துவிட்டாள். பினாங்கில் கொஞ்சம் வசதியான வீடுகளில் இந்த ஐஸ் பெட்டி உண்டு. உள்பக்கம் தகடு அடித்த மரப்பெட்டி. காலையில் வண்டிக்காரர் ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். சாயங்காலத்துக்குள் அது உருகிக் கீழே வைத்த கிண்ணத்தில் சொட்டித் தீர்ந்துவிடும்.

நான் பார்த்தபோது புட்டிக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தக்கை ஊறிப்போயிருந்தது. புட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"அம்மா, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல. மாத்திரை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதான் எனக்குப் பயம்."

அவளுக்கு இப்போது பதினாறு வயது. கான்வெண்டில் படிக்கிறாள். எனக்குப் புரியக் கூடாததை எல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் பாதி எனக்குப் புரியும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் முணுமுணுத்தது, ஒரு புட்டிக்கு இந்த அம்மா ஏன் இவ்வளவு பயப்படுகிறாள் என்பதுதான். ஊரில் இருக்கும் உங்களுக்கும் அதே கேள்வி வரும். ஆகையால் எழுதுகிறேன்.

என் சீக்கு இது. மனிதருக்குக் கழுத்தில், குரல்வளையை ஒட்டி, சின்னதாக ஒரு கோளம் இருக்கிறதாம். அதிலிருந்து ஊறும் நீர்தான் உடம்புக்குச் சூடும் சுறுசுறுப்பும் கொடுக்கிறதாம். பூரணம் பிறந்த பிறகு எனக்கு அது வற்றிப்போய்விட்டது. நாளெல்லாம் தூங்கினேன். பேச்சு குழறியது. பிள்ளை அழுதால் ஏதோ அடுத்த வீட்டில் அழுகிறது என்று படுத்திருந்தேன். இங்கே உள்ள சீன டாக்டர் ஒருவர் கண்டுபிடித்து, ஆட்டின் கழுத்தில் இருக்கும் அதே கோளத்தைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரையைக் கொடுத்தார். தினம் ஒன்று, ஆயுசு உள்ளவரை. அதைச் சாப்பிட்டால் நான் கனகம். ஒரு மாதம் விட்டால் வேறு யாரோ.

2

டாக்டர் எனக்குக் கொடுத்த முதல் புத்திமதி சாப்பிடுவதைப் பற்றியது அல்ல, வைப்பதைப் பற்றியது. சூடு ஆகாது, ஈரம் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. கேட்க எளிதாக இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத ஓர் இடத்தை உங்கள் வீட்டில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். சமையலறை அடுப்புச் சூடு. குளிக்கும் அறைப் பக்கம் ஈரம். அலமாரியின் மேல்தட்டு நல்ல இடம் என்று தோன்றும், ஆனால் கூரையின் காங்கை முழுவதும் அங்கேதான் இறங்கும். இரும்புப் பெட்டி மத்தியானத்தில் அடுப்புதான்.

நான் வைத்திருப்பது இப்படி. பிஸ்கோத்து டின் ஒன்று. அதன் அடியில் வறுத்த அரிசியைத் துணிப்பையில் கட்டிப் போட்டிருக்கிறேன், ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். அரிசி கடித்தால் நறுக்கென்று உடையாதபோது மாற்றிவிட வேண்டும். புட்டியின் வாயில் பஞ்சு, அதன் மேல் தக்கை, வெளியே கறுப்புத் துணி. டின் இருப்பது வெயில் படாத சுவர்ப் பக்கம், படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில். காய்ந்த கையால் ஒரு மாத்திரை எடுத்து உடனே மூடிவிடுவேன். ஈரக் கையோடு அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. என் வீட்டுக்காரர் இதைப் பூஜை அறை என்று கேலி செய்வார்.

பிரயாணத்தில் இன்னும் பாடு. கப்பலில் அடித்தளத்துக்குப் போகும் பெட்டியில் மருந்தைப் போடவே கூடாது. பாய்லர் சூடு அங்கே சுவரெல்லாம் வரும். கையோடு வைத்துக்கொள்ள வேண்டும், ஜன்னல் ஓரம் வைத்தால் உப்புக் காற்று. நான் ஜமக்காளத்தின் நடு மடிப்பில் டின்னைச் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அலை அடித்தபோதெல்லாம் பிள்ளையைப் பிடிப்பதா, டின்னைப் பிடிப்பதா என்று இருக்கும்.

சென்னைத் துறைமுகத்தில் அம்மை குத்திய தழும்பைக் காட்டித் தப்பினேன், டின்னைக் காட்டி மாட்டிக்கொண்டேன். அதிகாரி புட்டியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"என்னம்மா இது?"

"ஆட்டுக் கழுத்துங்க" என்றேன். மருந்து என்று சொல்லியிருக்கலாம். கப்பல் ஆட்டம் தலையில் இன்னும் இருந்தது.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இது மாமிசமா மருந்தா, எந்தக் கணக்கில் எழுதுவது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வெயிலில் நின்று டின்னை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தேன். கடைசியில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை அப்போது சிரித்துக்கொண்டே மறந்தேன்.

3

அது நான் ஏழு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனது. பூரணத்துக்கு ஒன்பது வயது. கப்பல் ஆபீசில் என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, நாங்கள் இருவர் மட்டும் போய் ஆடித் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் கொரட்டூர். ஏரிக்கரைக்குக் கீழே என் அண்ணன் மாணிக்கத்தின் வீடு. அண்ணி தேவானை, அவர்களுக்கு ஒரே பிள்ளை ஏழுமலை, ஐந்து வயது. போன அன்றே என் நாக்கு என்னை மாட்டிவிட்டது. "மக்கான் ஆச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். சாப்பாட்டை மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது, எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

"இன்னாது? அந்த ஊர்ல துன்றதுக்குக்கூட வேற பேரா?" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இந்தக் கதையில் அவளை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே முதலில் இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் மருந்தைப் பற்றி எல்லாம் விவரமாகச் சொன்னேன். ஆட்டுக் கழுத்து என்றதும் கொஞ்சம் முகம் கோணினாள். ஆனால் நெல் கொட்டி வைக்கும் அறையில், இருட்டு மூலையில், தானே இடம் ஒழித்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. குளுமை, உலர்ச்சி, இருட்டு மூன்றும் இருந்தன. நான் கொண்டுபோன இரண்டு புட்டிகளையும் அங்கேயே வைத்தேன்.

சித்திரை முடிவில் ஏழுமலைக்கு அம்மை போட்டது. ஊரில் அம்மை குத்த வந்தபோதெல்லாம் அண்ணி அவனை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். எங்களுக்குக் குத்தியிருந்ததால் பூரணத்துக்கும் எனக்கும் பயமில்லை.

உங்களுக்குத் தெரியாதது அல்ல. வீட்டுக்கு அம்மா வந்துவிட்டால் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மருந்து என்ற பேச்சே கூடாது. மாமிசம் வாசல்படி தாண்டக் கூடாது. அண்ணி வாசலில் வேப்பிலை செருகிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கனகம், உன் மாத்திரைய உள்ள வெக்கக் கூடாதும்மா. மருந்துன்னாலும் ஆவாது, ஆட்டு சதைன்னாலும் ஆவாது. ரெண்டும் அதுல ஒண்ணா கீது."

"அத துன்னாதான் அண்ணி நான் மனுஷி."

"துன்ன வாணான்னு சொல்லல. வெளிய வெச்சிக்கினு துன்னு. தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா. அம்மா கோச்சிக்க மாட்டா."

இதில் மறுக்க என்ன இருக்கிறது? நியாயமாகத்தான் பட்டது. அவள் புதுச் சட்டி ஒன்றில் இரண்டு புட்டிகளையும் வைத்து, துணியால் வாய் கட்டி, எலியும் பூனையும் தொடாதபடி மாட்டுக் கொட்டகையில் உயரத்தில் உறி கட்டித் தொங்கவிட்டாள். கொட்டகைக்குப் புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். நாங்கள் பினாங்கிலிருந்து அனுப்பியதில் போட்டது என்று அண்ணன் பெருமையாகக் காட்டியிருந்தான். சட்டி தொங்கியது அந்தத் தகரத்துக்குச் சாண் தூரத்தில். மத்தியான வேளையில் அந்தக் கூரையில் கை வைத்தால் தோல் உரியும்.

அதோடு நிற்கவில்லை. தினம் காலையில் வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அண்ணி கொட்டகைக்குப் போய் அந்தச் சட்டி மேலும் வேப்பிலையால் தெளித்துவிட்டு வருவாள். என் மருந்தால் அம்மாவுக்கும், அம்மாவால் என் மருந்துக்கும் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று. பக்தியாகச் செய்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை பிழைப்பானா என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது எங்கள் யாருக்கும் கண்ணில் படவில்லை.

ஏழுமலை பிழைத்தான். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று சட்டி கீழே இறங்கியது. மாத்திரைகள் அதே நிறம், அதே வாடை. நான் தினம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளையின் இடது கண்ணில் மட்டும் வெள்ளையாக ஒரு படலம் நின்றுவிட்டது.

4

முதலில் வியர்வை நின்றது. ஆனி மாதம், ஊரே புழுங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு ரவிக்கை நனையவில்லை. அது சௌக்கியமாகக்கூட இருந்தது. பிறகு குளிர்ந்தது. கம்பளி கேட்டேன். குரல் தடித்து, ஆண்பிள்ளைக் குரலாக இறங்கியது. முகம் உப்பி, தோல் மஞ்சள் பூசிக் கழுவாத நிறத்துக்கு வந்தது. புருவத்தின் ஓரம் உதிர்ந்தது.

எனக்குத் தெரியாமல் போகவில்லை. உள்ளே ஏதோ மூலையில் தெரிந்தது. மருந்து செத்துவிட்டது, பட்டணத்துக்குப் போய்ப் புதிது வாங்கி வா என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் கிளம்பி வாய்க்கு வந்து சேர்வதற்குள் அதன் மேல் இருந்த அக்கறை போய்விடும். பக்கத்தில் யாரோ மெதுவாக மூச்சு விடுவது கேட்கும். திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள். நான் மூச்சு விடும்போது அதுவும் விட்டது. நான் நிறுத்தினால் அது இன்னும் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அண்ணி என் கையைத் தொட்டாள். தொட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அண்ணனிடம் அவள் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"எல்லையம்மா நம்ம ஊட்ட உட்டுப் போவலங்க. கனகத்து மேல ஒக்காந்துகினு கீறா."

"ஒடம்பு செரியில்லடி அதுக்கு."

"இந்தப் புழுக்கத்துல போத்திக்கினு ஒக்காந்துகீது. மூஞ்சப் பாருங்க, யாரு மஞ்சா பூசினது? தொட்டுப் பாருங்க. அம்மா குளுந்து கீறா. நம்ம ஏழுமல கண்ணக் குடுக்கத்தான் நின்னுகீறா."

அண்ணன் வந்து என் நெற்றியில் கை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கோயிலில்தான் அவன் அப்படிச் செய்வான்.

பூரணம் என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் தூரத்திலேயே நின்று, "நாமா சாயா அப்பா?" என்று கேட்டாள். தன் பெயர் என்ன என்று மலாயில் கேட்கிறாள். பிள்ளை யோசித்திருக்கிறாள், கொரட்டூர் அம்மனுக்கு மலாய் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். எனக்குப் பதில் தெரியும். அது வாய்க்கு வரவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

அவள் போன பிறகு ஏரிப் பக்கத்துக் கிழவர் ஒருவர் காணாமல் போன எருமையைப் பற்றிக் கேட்க வந்தார். சேதி அதற்குள் பரவியிருந்தது. அவர் கேட்டு முடித்தபோதுதான் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என் வாயில் வந்து சேர்ந்தது. "பூரணம்" என்றேன். கிழவர் போய்த் தேடியிருக்கிறார். எருமை நின்றது பூரணத்தம்மாள் என்கிற ஒருத்தியின் கொல்லையில்.

அதற்குப் பிறகு கூட்டம். என் பதில்கள் எல்லாம் தாமதமாக வந்தன, ஒருவர் கேட்டதற்கு அடுத்து வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் பலித்தன என்று சொன்னார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிவந்து என் சில்லிட்ட கையை அவர்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். நான் பேசினேன் என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். பல சமயம் யார் குரல் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

குளிர்ந்த அம்மனை மேலும் குளிர வைக்க வேண்டும் அல்லவா. தினம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், ஈரச் சேலையில் உட்கார வைத்தார்கள். உடம்பில் மிச்சமிருந்த சூடும் இறங்கிக்கொண்டே வந்தது. கும்பிட்டுக் கும்பிட்டே என்னைக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் அன்பைத் தவிர வேறில்லை.

5

ஆடியில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கோயில் வேப்ப மரத்தடியில் மணை போட்டு உட்கார வைத்தார்கள். பெண்கள் ஏரியிலிருந்து குடம் குடமாக எடுத்து வந்து வரிசையில் நின்றார்கள். எல்லாக் குடத்திலும் மஞ்சளும் வேப்பிலையும். அவ்வளவும் என் தலையில் ஊற்றுவதற்கு. பக்கத்தில் மாலை போட்ட கிடா நின்றது.

முதல் குடம் விழுந்ததும் மூச்சு நின்று, பிறகு மனமில்லாமல் வந்தது. இரண்டாவது குடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது பயம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தூரத்தில் பூரணம் யாரோ ஒருத்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளை யாருடையது என்று யோசித்தேன்.

அண்ணிதான் இரண்டாவது குடத்தைத் தூக்கினாள். கிடா தலையை நிமிர்த்தியது. அதன் கழுத்து என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"தண்ணி போதும்" என்று ஒரு குரல் சொன்னது. "கொரவளை குடு."

பூசாரிக்கு விளங்கவில்லை. கையில் அரிவாளோடு என்னையே பார்த்தார்.

"தலை உனக்கு. ஒடம்பு ஊருக்கு. கொரவளை எனக்கு."

"தாயே, ரத்தமா கேக்குற?"

"ரத்தம் வாணாம். கொரவளைய ஒட்டிக்கினு செவப்பா ஒண்ணு கீது பாரு, ரெண்டு பக்கமும். அது."

நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. டாக்டர் தம் தொண்டையில் விரல் வைத்துக் காட்டினாரே தவிர, அது சிவப்பா வெளுப்பா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று சொல்லவில்லை. பூசாரி கிடாவின் தொண்டையைப் பிளந்து பார்த்தார். இருந்தது. இத்தனை வருஷம் வெட்டியிருக்கிறேன், இதைக் கண்டதில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். குடங்கள் எல்லாம் தரையில் இறங்கின.

அண்ணி அதை நெருப்பில் லேசாக வாட்டி எனக்கு ஊட்டினாள். விழுங்கியதும் குரல் இன்னொன்று சொன்னது: "தெனிக்கும் வேணும்."

6

சாமி கேட்டதை இல்லை என்று சொல்வார் யார்? அண்ணன் தினம் விடியலில் அம்பத்தூருக்கு நடந்து கசாப்புக்காரரிடம் வாங்கி வந்தான். நாய்க்குப் போடுவதை நைனா இப்படிப் பக்தியாக வாங்கிக்கினு போறியே என்று அந்த பாய் கேட்டாராம். காசு வாங்கவில்லையாம்.

கொஞ்ச நாளில் நெஞ்சு படபடத்தது. கை நடுங்கியது. ஒரு மத்தியானம் கழுத்தடியில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது, துடைத்து முகர்ந்து பார்த்தேன். என் வியர்வை. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று பூரணத்தைக் கூப்பிட்டேன். அவள் கதவோரம் நின்று அதே கேள்வியை மலாயில் கேட்டாள். உடனே சொன்னேன். மெல்ல வந்து மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

அண்ணனிடம் பட்டணத்து இங்கிலீஷ் மருந்துக் கடையின் பேரைச் சொல்லிப் புதுப் புட்டி வாங்கி வரச் சொன்னேன். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஊருக்கு இதில் சந்தோஷமில்லை. குறி கேட்க வந்தவர்களுக்கு நான் கேட்டவுடன் பதில் சொன்னேன், எனக்குத் தெரியாது என்று. ஒரு கிழவி என் கையை எடுத்துப் பேத்தியின் நெற்றியில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். "சுடுது" என்றாள். அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தேன். கூட்டம் குறைந்தது.

7

அண்ணி மட்டும் போகவில்லை. அவளுக்கு எங்கே போக? ஏழுமலையின் கண் அப்படியேதான் இருந்தது. அம்மா வீட்டில் இருக்கும் வரைக்கும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது, நான் சூடாகச் சூடாக அது கரைந்துகொண்டு வந்தது.

இரண்டு நாளாக எனக்குக் கழுத்துச் சதை வரவில்லை. பாய் கடை திறக்கவில்லை என்றாள். அண்ணனைக் கேட்டேன், வழக்கம்போல வாங்கிவந்து கொடுத்ததாகச் சொன்னான். புதுப் புட்டியையும் முந்தின நாளே அவளிடம் கொடுத்துவிட்டானாம். எனக்குக் கோபம் பொங்கியது. என்னைத் திரும்பக் குளிர வைக்கப் பார்க்கிறாளா என்று கத்தப் போனேன். ஏழுமலை முற்றத்தில் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, இருக்கிற கண்ணால் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். கத்தவில்லை.

அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மடியில் உட்கார வைத்தாள். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மத்தியான வெளிச்சம், வீட்டில் வேறு யாரும் இல்லை.

"போறேன்னு தெரியுது தாயே. நான் உன்ன மறிக்கல. கண்ணக் குடுத்துட்டுப் போ."

நான் சாமி இல்லை, அண்ணி, கனகம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். கடைசியாக ஒரு தடவை சாமியாகவே பேசி அவளைத் தேற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கண் வரும், நாள் ஆகும், பொறுத்திரு. இவ்வளவுதான் சொல்ல நினைத்தது. மனதில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் கொண்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி வாயைத் திறந்தேன்.

"கண்ணு எங்கிட்டயே இருக்கட்டும். அதுக்குப் பதிலாத்தான் இவள உட்டுட்டுப் போறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் நினைப்பில் இருந்ததில்லை. உடம்பு சூடாக இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது, அதற்குள் என் பதில்களெல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன. இது மட்டும் யாருடைய கேள்விக்கு வந்த பதில் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் விட்டுக்கொண்டிருந்த அந்த மெதுவான மூச்சு அதற்குப் பிறகு நின்றுவிட்டது. அதுவரை அது நிற்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி, நான் வந்து" என்று ஆரம்பித்தேன். என் சொந்தக் குரல்தான் வந்தது, மெல்லிசாக.

அவள் அழவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நெல் அறைக்குள் போனாள். நெல்லைக் கையால் துழாவும் சத்தம் கேட்டது. புதுப் புட்டியோடு திரும்பி வந்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த உமியை முந்தானையின் காய்ந்த பக்கத்தால் துடைத்தாள். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மூடினாள்.

"பத்திரமா வெச்சிக்கோ கனகம்" என்றாள். "என் புள்ள கண்ணு இது."